சைக்கிள் ஹெல்மெட்: வாங்குங்கோ, ஆனா சட்டம் போடச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ

முடிவை முதல்லயே சொல்லிப்போட்டு மிச்சத்தை ஆறுதலாக் கதைக்கிறன், ஏனெண்டா கன பேர் கடைசி வரைக்கும் வாசிக்கமாட்டீங்கள் எண்டு தெரியும். ஹெல்மெட்டுக்கு அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், கடைக்கு நாலரை. திருகோணமலையில சைக்கிள் ஓடுற ஆள், கையில ஏழாயிரம் எட்டாயிரம் மிச்சம் இருக்கெண்டா வாங்குங்கோ. இல்லையெண்டா முதல்ல பிரேக் கட்டையை மாத்தி, பின்னுக்கு ஒரு சிவப்பு லைட்டைப் போட்டிட்டு பிறகு இதைப் பற்றி யோசியுங்கோ.

கடையின்ர பேரும் போடேல்ல, ஹெல்மெட்டின்ர பேரும் போடேல்ல. ஹெல்மெட் சீனாவில செய்தது, அதே சாமானை நாலு பேர் நாலு பேரடிச்சு விக்கினம், பேரைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல. கடை டவுனுக்கதான், மணிக்கூட்டுக் கோபுரத்தில இருந்து நடந்து போற தூரம். வாசல்ல ரயரும் ரியூப்பும் தொங்கும், உள்ளுக்க முழுக்க லுமாலா சைக்கிள் பார்ட்ஸ், ஒரு மூலையில ஒட்டுப் போடுற தண்ணித் தொட்டி, அதுக்குப் பின்னால கண்ணாடி அலுமாரியிக்க தூசி பிடிச்சபடி இந்த ஹெல்மெட்டுகள். வேற கடையளில சைக்கிள் ஹெல்மெட் எண்டு கேட்டா மோட்டச்சைக்கிள் ஹெல்மெட்டைத்தான் தூக்கி நீட்டினவை, அது ஒண்டரைக் கிலோ பாரம், அதைப் போட்டுக்கொண்டு உழக்கினா உப்புவெளி போறதுக்குள்ள கழுத்து முறிஞ்சிடும்.

கடை அண்ணாவுக்கு அரைப் புள்ளி ஏன் குறைச்சன் எண்டு பிறகு சொல்லுறன், முதல்ல நல்லதைச் சொல்லோணும். நான் கேட்ட உடனே இரண்டு ஹெல்மெட்டை எடுத்துக் கண்ணாடிக்கு மேல வச்சவர். இரண்டும் கறுப்பு, இரண்டிலயும் அதே நீலக் கோடு, தள்ளி நிண்டு பாத்தா இரட்டைப் பிள்ளையள்தான். ஒண்டு 1,900 ரூபா, மற்றது 7,400. என்ன அண்ணா வித்தியாசம் எண்டு கேட்டன். வாயால ஒண்டும் சொல்லாம இரண்டையும் கவிட்டு வச்சிட்டு "நகத்தால அமத்திப் பாருங்கோ தங்கச்சி" எண்டார்.

விலை குறைஞ்சதுக்கு உள்ளுக்க சாமான் பொதி பண்ணி வாற அதே ரெஜிஃபோம், அமத்தின இடத்தில பள்ளம் விழுந்து பொடிப்பொடியா உதிருது. மேலோடு பசையில இரண்டு மூண்டு இடத்தில மட்டும் ஒட்டிக்கொண்டு நிக்குது, கொழுக்கியைப் பூட்டிப்போட்டு ஒரு இழுவை இழுத்தா கையோட வருது. உள்ளுக்க ஒரு ஸ்டிக்கரும் இல்ல, வெளியில மட்டும் ஸ்போர்ட்ஸ் எண்டு பெரிய எழுத்தில கிடக்கு. மற்றதில ஓடும் ஃபோமும் ஒண்டாச் சேத்து வார்த்தது, நகம் இறங்கேல்ல, உள்ளுக்க ஈ.என் 1078 எண்டும், சைஸ் 54 இல இருந்து 58 சென்ரிமீற்றர் எண்டும், நிறையும், செய்த வருசமும் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரையும் கள்ளமா அடிக்கலாம்தானே அண்ணா எண்டு விடாமக் கேட்டன். "ஸ்டிக்கரை அடிக்கலாம், ஃபோமை அடிக்க ஏலாதே" எண்டார். இந்த ஒரு பதிலுக்காகத்தான் நாலரை.

பிறகு தையல்காரர் வச்சிருக்கிற நாடாவால தலையைச் சுத்தி, புருவத்துக்கு கொஞ்சம் மேல வச்சு அளந்து, பின்னால இருக்கிற டயலை எப்படித் திருகிறது, காதுக்குக் கீழ நாடா இரண்டும் எப்படிச் சேரோணும், நாடியில ஒரு விரல் போற அளவு இடம் விட்டு எப்படி இறுக்கிறது எண்டு எல்லாம் காட்டினவர். கொழுக்கியைப் பூட்ட முதல் குனிஞ்சு தலையை ஆட்டச் சொன்னவர், ஹெல்மெட் விழாம நிண்டாத்தான் சைஸ் சரியாம். புருவத்துக்கு மேல இரண்டு விரல் அகலம், அதுக்கு மேல நெத்தி தெரியக்கூடாது. எங்கட ஆக்கள் போடுறதைப் பாத்திருப்பீங்கள், நெத்தி முழுக்கத் தெரிய தொப்பியைப் பின்னுக்குத் தள்ளின மாதிரித்தான் போடுறது, முன்னுக்குக் குப்புற விழுந்தா றோட்டில படுறதே நெத்திதான்.

இப்ப அந்த ஈ.என் 1078 எண்டது என்ன சாமான் எண்டு பாப்பம், ஏனெண்டா இதை விளங்கினா பின்னால வாற சட்டக் கதை முழுக்க விளங்கும். அது ஐரோப்பாவின்ர சைக்கிள் ஹெல்மெட் தரம். சோதிக்கிறது இப்படி: ஹெல்மெட்டுக்குள்ள ஒரு பொய்த் தலையை வச்சு, கிட்டத்தட்ட ஒண்டரை மீற்றர் உயரத்தில இருந்து தட்டையான இரும்பில போடுவினம், விழுற வேகம் செக்கனுக்கு 5.42 மீற்றர், அதாவது மணிக்கு 20 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நடைபாதை விளிம்பு மாதிரி கூரான இரும்பிலயும் போடுவினம், அதுக்கு உயரம் குறைவு. உள்ள இருக்கிற தலைக்கு வாற அதிர்ச்சி 250 ஜியை, அதாவது பூமியின்ர ஈர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டினா ஃபெயில். அமெரிக்காவின்ர சி.பி.எஸ்.சி தரத்தில தட்டையான இரும்புக்கு இரண்டு மீற்றர் உயரம், ஆனா எல்லை 300 ஜி. சைக்கிளில இருக்கிற ஆள் பொத்தெண்டு சரிஞ்சு விழுந்தா தலை வாற உயரம் அந்த ஒண்டரை மீற்றர் அளவுதான். அப்ப இந்தச் சாமான் செய்திருக்கிறது அப்படி விழுறதுக்கு. மணல்ல சறுக்கி விழுறது, மாட்டில மோதி விழுறது, பிரேக்கைப் பிடிக்க முன்சில்லு நிண்டு தூக்கி எறியிறது. நிலாவெளி றோட்டில எழுபதில வாற பஸ் அடிச்சா எண்டு இந்தச் சோதனையில ஒருத்தரும் கேக்கேல்ல.

வேலை செய்யிற விதமும் சிம்பிள். ஃபோம் நசிஞ்சு அடியை வாங்கும், நசிஞ்சா திரும்பி வராது. ஒரு நல்ல விழுகை விழுந்தா வெளியில கீறல் கூட இல்லாட்டியும் ஹெல்மெட் முடிஞ்சுது, புதுசு வாங்கோணும். இதைக் கடையில சொல்லித் தாறவை குறைவு, இந்த அண்ணா சொன்னவர், தன்ர வியாபாரத்துக்கும் நல்லதுதானே எண்டு சிரிச்சவர். தலை சுழட்டி அடிபடுறதுக்கெண்டு மிப்ஸ் எண்ட ஒரு ஸ்வீடன் கண்டுபிடிப்பு இருக்கு, உள்ளுக்க ஒரு மெல்லிய தகடு கொஞ்சம் நழுவும், அது போட்டது இந்தக் கடையில இல்ல.

சரி, போட்டு ஓடினா எப்படி. கச்சான் காத்து அடிக்கிற நேரம் வாங்கினது, இப்ப வாடைக்காத்தும் மழையும் கண்டிட்டுது, அதால இரண்டு பக்கமும் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கேக்க உண்மையா சூடு இல்ல, முன்னால இருக்கிற ஓட்டையளால காத்து நல்லாப் போகுது, தலை உச்சியில நேரா வெயில் படாம இருக்கிறது வெறுந்தலையை விடச் சுகம். நிண்டா கதை வேற. அனுராதபுரச் சந்தியில லொறிக்கும் ஓட்டோவுக்கும் வழி விட்டுக்கொண்டு பத்து மணி வெயிலில நிண்டீங்கள் எண்டா நெத்தி ஃபோமில ஊறின வேர்வை அப்படியே கண்ணுக்க இறங்கும், சன் க்றீம் பூசியிருந்தா எரியும், ஒரு கையால கண்ணைத் துடைச்சுக்கொண்டு மற்றக் கையால ஹாண்டிலைப் பிடிக்கிற நிலமை. உள்ளுக்க இருக்கிற துணிப் பட்டியைக் கழட்டித் தோய்க்கலாம், கிழமைக்கு ஒருக்காத் தோய்க்காட்டி மணக்கும். மாற்றுப் பட்டி ஒண்டு கூட வைக்கேல்ல பெட்டிக்குள்ள, அதுக்கு ஒரு புள்ளி குறைவு.

பொம்பிளையளுக்கு ஒரு விசயம். கொண்டை போட்டா இது சரிவராது, பின்னால டயல் கொண்டையில முட்டி ஹெல்மெட் முன்னுக்குச் சாயும். தாழ இறக்கிப் பின்னல் போட்டா ஓகே. கிண்ணியாவில இருந்து வேலைக்கு வாற என்ர சினேகிதி ஸ்காஃபுக்கு மேல போட்டுப் பாத்தவ, ஊசி குத்துற ஸ்காஃப் எண்டா அமத்துது, இழுத்துப் போடுற விதமான மெல்லிய உள்தொப்பியெண்டா ஒரு சைஸ் கூட எடுத்தாச் சரி. பூ வைக்கிற ஆக்கள் ஒப்பிசுக்குப் போய் வையுங்கோ, வேற வழி இல்ல. ஹெல்மெட் செய்யிறவைக்குப் பூ வைக்கிற தலை ஒண்டு உலகத்தில இருக்கெண்டு தெரியாது போல.

சட்டக் கதை எப்படி வந்ததெண்டா, நான் அளவு பாத்துக்கொண்டு நிக்கேக்க வாசல்ல காத்து அடிச்சுக்கொண்டு நிண்ட ஒரு ஓய்வு பெற்ற மாஸ்டர், "இதையும் மோட்டச்சைக்கிள் மாதிரிக் கட்டாயமாக்கோணும் பிள்ளை, அப்பத்தான் எங்கட சனம் திருந்தும்" எண்டார். நாலு பேர் கூடிட்டினம். எங்கட நாட்டில மோட்டச்சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம், பின்னுக்கு இருக்கிற ஆளுக்கும் கட்டாயம், சைக்கிளுக்கு இல்ல. வீட்ட வந்து மெல்பேர்னில இருக்கிற அக்காவோட கதைக்க அவவும் மாஸ்டர் கட்சி. "இஞ்ச போடாட்டிப் பொலிஸ் பிடிக்கும், அதான் எல்லாரும் ஒழுங்கு" எண்டா. அக்கா இஞ்ச சண்முகா பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில போய் வந்து படிச்ச ஆள், மெல்பேர்ன் போய் சைக்கிளே தொடேல்ல, எல்லாத்துக்கும் கார். அதைச் சொல்லிக் காட்டினன், கோல் கட்.

ஆனா அக்கா சொன்ன இடம்தான் இந்தக் கதை தொடங்கின இடம். உலகத்திலயே முதல் முதல் எல்லா வயசு சைக்கிள்காரருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினது மெல்பேர்ன் இருக்கிற விக்ரோறியா மாநிலம், 1990 ஜூலை 1. அடுத்த இரண்டு வருசத்துக்குள்ள அவுஸ்திரேலியா முழுக்க வந்திட்டுது. நியூசிலாந்தில 1994 ஜனவரி 1. அங்க சட்டம் வந்ததுக்குப் பின்னால ஒரு தாய் இருக்கிறா, 1986இல சைக்கிளில போன மகன் விபத்தில மூளை பாதிச்சுப்போக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா நாடு முழுக்கப் போய் ஹெல்மெட் போடச் சொல்லிக் கதைச்சவ. அந்தத் தாயோட ஆராலும் வாதாட ஏலாது, நானும் வாதாடேல்ல.

விக்ரோறியாவில சட்டத்துக்கு முன்னம் நூறு சைக்கிள்காரரில 31 பேர் போட்டவை, ஒரு வருசத்தில அது 75 ஆகிட்டுது. தலை அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வாறதும் குறைஞ்சுது. மாஸ்டர் கட்சிக்கு வெற்றி எண்டு நினைப்பீங்கள். ஆனா அதே நேரம் மெல்பேர்னில றோட்டில நிண்டு சைக்கிளை எண்ணினவை, சட்டத்துக்குப் பிறகு பிள்ளையளும் இளசுகளும் சைக்கிளில போறது மூண்டில ஒரு பங்கு மட்டில குறைஞ்சிட்டுது எண்டு கண்டவை. தலைமுடி குழம்பும், தூக்கிக்கொண்டு திரியோணும், வடிவில்ல, எண்டு விட்டிட்டினம். அப்ப அடிபட்ட தலை குறைஞ்சது ஹெல்மெட்டாலயா இல்ல ஓடுற தலையே குறைஞ்சதாலயா எண்டு முப்பது வருசத்துக்கு மேல சண்டை. இரண்டும் சேந்ததுதான் எண்டு எனக்குப் படுது, எந்தளவு எது எண்டதிலதான் ஆய்வாளருக்குள்ள இழுபறி.

இதில ஒரு விசயத்தைத் தெளிவாச் சொல்லோணும், ஏனெண்டா சட்டம் வேண்டாம் எண்டு கதைக்கிற கன பேர் ஒரேயடியா ஹெல்மெட்டே பிரயோசனமில்ல எண்டும் சேத்துச் சொல்லுவினம். அது பிழை. 1989இல அமெரிக்காவின்ர சியாட்டில்ல செய்த ஒரு ஆய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தை 85 வீதம் குறைக்குது எண்டு சொன்னது, உலகம் முழுக்க அந்த 85தான் சட்டக்காரரின்ர துருப்புச் சீட்டு. பிறகு வந்த ஆய்வுகளில அந்தளவு வரேல்ல, 2013இல அமெரிக்க அரசாங்க நிறுவனங்களே அந்த எண்ணைச் சொல்லுறதை விட்டிட்டினம். ஆனா 40 ஆய்வுகளை, அடிபட்ட 64,000 பேருக்கு மேல சேத்துப் பாத்த பெரிய கணக்கொண்டு 2016இல வந்தது, அதில பாரதூரமான தலைக்காயம் போட்டவைக்கு 69 வீதம் குறைவு எண்டு கிடக்கு. 85 இல்லாட்டிப் போகட்டும், 69 சின்ன எண்ணில்ல. விழுந்தா போட்டிருக்கிறது நல்லது, இதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அதுக்குத்தானே 7,400 எண்ணிக் குடுத்தன்.

போடுறது நல்லதெண்டா ஏன் சட்டம் வேண்டாம்? மாஸ்டர் இதைத்தான் கேட்டவர், நியாயமான கேள்வி.

மெக்சிக்கோ நகரத்தில 2010இல வாடகைச் சைக்கிள் தொடங்கேக்க ஹெல்மெட் சட்டத்தைத் தூக்கிப்போட்டிட்டினம், ஏனெண்டா சும்மா றோட்டில எடுத்து ஓடுற சைக்கிளுக்கு ஆர் வீட்டில இருந்து ஹெல்மெட் கொண்டு வாறது. அதே 2010இல மெல்பேர்னும் வாடகைச் சைக்கிள் தொடங்கினது, சட்டத்தை வச்சுக்கொண்டு, கடையளில அஞ்சு டொலருக்கு ஹெல்மெட் வித்துப் பாத்தவை, சைக்கிளோட இலவசமாயும் வச்சுப் பாத்தவை, சரிவரேல்ல, 2019இல மூடிட்டினம். முழுக்க ஹெல்மெட்டாலதான் எண்டு சொல்லேலாது, ஆனா எல்லாரும் முதல்ல சொன்ன காரணம் அதுதான். நியூ சவுத் வேல்ஸில 2016இல ஹெல்மெட் போடாததுக்குத் தண்டத்தை 71 டொலரில இருந்து ஒரே தாவலா 319 ஆக்கினவை. அதை ரூபாயில பெருக்கிப் பாருங்கோ, எங்கட ஊரில பழைய சைக்கிளே வாங்கலாம். சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டி 2022இல தங்கட சட்டத்தை எடுத்திட்டினம், பொலிஸ் அதை வச்சு வீடில்லாத ஆக்களையும் கறுப்பின ஆக்களையும்தான் கூட மறிச்சுத் தண்டம் எழுதினது எண்டு தெரிய வந்த பிறகு. இதை வாசிக்கேக்க எனக்கு எங்கட ஊர்ச் சந்தியளில ஆரை மறிப்பினம் எண்டு கண்ணுக்கு முன்னால வந்தது, நீங்களும் யோசிச்சுப் பாருங்கோ, டையும் சப்பாத்தும் போட்டு கியர் சைக்கிளில போறவரையோ, மீன் பெட்டி கட்டினவரையோ.

ஜப்பான்காரர் 2023 ஏப்ரலில இருந்து வேற விதம், எல்லாரும் ஹெல்மெட் போட முயற்சி செய்யோணும் எண்டு சட்டத்தில எழுதியிருக்கினம், போடாட்டி தண்டம் இல்ல. ஜப்பானில சரிவரலாம். நெதர்லாந்தில சைக்கிளுக்கெண்டு தனிப் பாதை கட்டி வச்சுக்கொண்டு பெரும்பாலும் ஒருத்தரும் போடாமலே ஓடினம், அதை இஞ்ச உதாரணம் காட்டுறவைக்கு உட்துறைமுக வீதியில எங்கயடா தனிப் பாதை எண்டு கேக்கத் தோணும்.

சுவாரசியமான ஒண்டு. இங்கிலாந்தில பாத் பல்கலைக்கழகத்து இயன் வோக்கர் எண்ட ஆராய்ச்சியாளர் 2006இல தன்ர சைக்கிளில தூரம் அளக்கிற கருவியைப் பூட்டிக்கொண்டு, ஒருக்கா ஹெல்மெட்டோட, ஒருக்கா இல்லாம ஓடி, முந்திப் போற வாகனம் எவ்வளவு கிட்டப் போகுதெண்டு அளந்தவர். ஹெல்மெட் போட்டா சராசரி எட்டரை சென்ரிமீற்றர் கிட்ட வாறாங்களாம். நீட்டு விக் போட்டுப் பொம்பிளை மாதிரி ஓடினா தள்ளிப் போறாங்களாம். அந்தப் பரிசோதனைக்க ஒரு பஸ்ஸும் ஒரு லொறியும் அவரை அடிச்சதாம், இரண்டு தரமும் ஹெல்மெட்டோட. பிறகு வேற ஆக்கள் அதே தரவை எடுத்துத் திரும்பப் பாத்திட்டு, வித்தியாசம் வந்தது ஒரு மீற்றருக்கு மேல தள்ளிப் போன வாகனங்களிலதான், ஆபத்தான அளவுக்குக் கிட்டப் போறதில வித்தியாசம் இல்ல எண்டவை. நான் நீட்டுப் பின்னலும் ஹெல்மெட்டும் சேத்து ஓடுறன், மூதூர் பஸ்காரருக்கு இரண்டும் கணக்கில்ல.

இப்ப எங்கட ஊருக்கு வாறன். பின்னேரம் ஒரு அஞ்சு மணிக்குப் பிரதான வீதியில நிண்டு மோட்டச்சைக்கிளைப் பாருங்கோ. சட்டம் இருக்கு, ஹெல்மெட்டும் இருக்கு. நாடியில நாடா பூட்டின ஆள் எத்தினை பேர்? நாடா காத்தில அடிபட்டுக்கொண்டு போகும், சிலருக்குக் கொழுக்கியே இல்ல. பின்னால மனுசிக்கு ஹெல்மெட், இரண்டு பேருக்கும் நடுவில இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் இல்ல. பொலிசைத் தூரத்தில கண்டா கையில கொளுவிக்கொண்டு போனதைத் தலையில கவிழ்க்கிறது. அதாவது பொலிசுக்குத்தான் போடுறம், விழுறதுக்கு இல்ல. பொலிசுக்குப் போடுறதெண்டா தலையில கறுப்பா உருண்டையா என்னவும் இருந்தாக் காணும்.

சைக்கிளுக்கும் சட்டம் வந்தா என்ன நடக்குமெண்டு அந்தக் கண்ணாடி அலுமாரியிலயே தெரிஞ்சுது. 1,900 ரூபாச் சாமான்தான் விக்கும். 1,900 கூட வராது, வீதியோரத்தில பாய் விரிச்சு 800க்குப் போடுவாங்கள். ட்ராஃபிக் பொலிஸ் ஹெல்மெட்டைக் கவிட்டு வச்சு நகத்தால அமத்திப் பாக்கப் போறாரோ? மோட்டச்சைக்கிள் ஹெல்மெட்டுக்கெண்டாலும் எஸ்.எல்.எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை ஒண்டு இருக்கு. தலையில என்னவோ கிடக்கெண்டா விடுவார். சனமும் நாங்கள் பாதுகாப்பு எண்டு நினைச்சுக்கொண்டு ரெஜிஃபோமைப் போட்டுக்கொண்டு திரியும். நல்ல ஹெல்மெட் கொண்டு வந்து வைக்கிற ஒண்டிரண்டு கடையும் விலைக்கு நிக்க ஏலாமக் கைவிடும். கடை அண்ணாவும் இதையேதான் சொன்னவர், "சட்டம் வந்தா எனக்கு யாவாரம் கூடும் தங்கச்சி, ஆனா நான் விக்கப்போறது இதை" எண்டு உதிருறதைத் தட்டிக் காட்டினவர்.

காத்து அடிச்ச இடத்தில மீன் யாவாரி ஐயா ஒருத்தரும் நிண்டவர், கரியரில பெட்டி கட்டி, தலையில நனைஞ்ச துவாய். அவரிட்ட ஹெல்மெட்டைக் குடுத்து எப்படி ஐயா எண்டு கேட்டன். வாங்கித் தூக்கிப் பாத்தார், தட்டிப் பாத்தார், விலை கேட்டார். "மகள், இந்தக் காசுக்கு எனக்கு இரண்டு ரயரும் ரியூப்பும் வந்து மிச்சமும் வருமே. என்ர முன் ரயரைப் பாருங்கோ" எண்டார். பாத்தன், நூல் தெரியுது. அவரைப் பாதுகாக்கோணும் எண்டா முதல்ல எது வேணும் எண்டு அங்க நிண்ட எல்லாருக்கும் தெரிஞ்சுது, மாஸ்டருக்கும்தான். அவர் "அது வேற விசயம்" எண்டவர். எனக்கு அது வேற விசயமாத் தெரியேல்ல. 2022இல பெற்றோல் வரிசையில நாடே நிக்கேக்க சைக்கிள் விலை எங்கயோ போனது ஞாபகம் இருக்கும், அப்ப ஆசையா வாங்கின கன பேரின்ர சைக்கிள் இப்ப வீட்டுக் கொல்லையில துருப்பிடிக்குது. இப்பவும் மழை வெயில் பாக்காம ஓடுறது இவரை மாதிரி ஆக்களும் ரியூசனுக்குப் போற பிள்ளையளும்தான். சட்டம் இவையின்ர தலையிலதான் விழும்.

றோட்டில எனக்குப் பயம் வாற இடங்களை எண்ணிப் பாத்தா ஹெல்மெட் உதவுறது பாதிக்குத்தான். கோணேசர் கோயிலில இருந்து கோட்டைக்குள்ளால இறங்கி வாற இறக்கம், அங்க மான் குறுக்க பாயும், அந்த இடத்துக்கு ஹெல்மெட் முழுசாப் பொருத்தம், வேகம் அளவா, விழுந்தா தார்தான். இருட்டின பிறகு டவுனுக்கையும் மான் வரும், குப்பை கிளறிக்கொண்டு நடு றோட்டில நிக்கும். மாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்ல. ஆனா சீனக்குடாப் பக்கம் இரவில லைட் இல்லாத சைக்கிள் வந்தா வாற லொறிக்காரருக்குத் தெரியவே தெரியாது, அந்த அடிக்கு இந்த 280 கிராம் ஃபோம் என்ன செய்யும். அதே கடையில பின் லைட் 650 ரூபா, மினுங்குற ஸ்டிக்கர் ஒரு நீட்டுத் துண்டு 150. பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஆரும் ஏதும் குடுக்க நினைச்சா, வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் சங்கக்காரர் வாசிச்சா, முதல்ல இதைக் குடுங்கோ, பிறகு ஈ.என் 1078 ஒட்டின ஹெல்மெட்டை மொத்தமா எடுத்துக் குடுங்கோ. குடுத்தா பிள்ளையள் போடும். மறிச்சுத் தண்டம் எழுதினா சைக்கிளை விட்டிட்டு அண்ணன்ர மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால ஏறும்.

சரி, ஹெல்மெட்டுக்குத் திரும்ப வாறன், குறையளைச் சொல்லி முடிக்கோணும். டயல் பிளாஸ்ரிக், மண் புகுந்தா கிறீச்சிடுது, கடற்கரைப் பக்கம் ஓடுற ஆக்கள் தண்ணியில கழுவுங்கோ. முன்னுக்கு இருக்கிற சின்ன மறைப்பு மழைக்கு உதவும், ஆனா வாடைக்காத்துக்குக் கழண்டு பறந்திட்டுது, இப்ப மறைப்பில்லாமத்தான் ஓடுறன். நாடாவில கன்னம் உரசிற இடம் வேர்வையில கறுக்குது. வெயிலில நிப்பாட்டின சைக்கிளில ஹெல்மெட்டைக் கொளுவி விட்டிட்டுப் போகாதேங்கோ, சூடு ஃபோமைக் கெடுக்கும், களவும் போகும்.

கடைக்கு ஏன் அரைப் புள்ளி குறைச்சன் எண்டா சின்னப் பிள்ளையளின்ர சைஸ் இல்ல. பெறாமகனுக்கு 50 சென்ரிமீற்றர் தலை, அவனைத்தான் தங்கச்சி கரியரில வச்சுக்கொண்டு நேசரிக்குப் போறவ, ஹெல்மெட் முதல் வேண்டியது அவனுக்கு. பெரிய சைஸை ஃபோம் ஒட்டிச் சின்னதாக்கித் தரட்டோ எண்டு கடையில நிண்ட பெடியன் கேட்டவன், அண்ணா ஏசினவர், அது நல்லது. சாமான் வந்தா கோல் எடுக்கிறன் எண்டு நம்பர் வாங்கி வச்சவர், இன்னும் எடுக்கேல்ல. போற ஆக்கள் நீங்களும் சின்ன சைஸ் கேளுங்கோ, நாலு பேர் கேட்டாத்தான் கொழும்பில இருந்து எடுப்பிப்பார். காசாக் குடுத்தா முந்நூறு ரூபா மட்டில குறைப்பார், கார்ட் எடுக்கமாட்டார். ஞாயிறு பூட்டு, வெள்ளி மத்தியானம் ஒரு மணித்தியாலம் அடைப்பு. 1,900 ரூபா ஹெல்மெட்டை எடுக்கப் போனீங்கள் எண்டா அவரே வேண்டாம் எண்டு சொல்லுவார், சொல்லாட்டி நகத்தால அமத்திப் பாருங்கோ.